சட்டமன்றத்தில் ஒரு நாள்: உங்கள் லிஃப்ட் எந்த நேரத்தில் பேசப்படும்?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். இரண்டு லிஃப்டில் ஒன்று மாதக்கணக்காக ஓடவில்லை. எங்கள் ஒய்.பி. (சட்டமன்ற உறுப்பினர்) "அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் பேசுகிறேன்" என்கிறார். அங்கே ஒரு நாள் முழுக்க என்னதான் நடக்கிறது? நாங்கள் போய்ப் பார்க்கலாமா? அவர் பேசினால் எங்களுக்கு ஏதாவது நடக்குமா?

பதில்:

"பேசுகிறேன்" என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் ஒரே விஷயத்தைப் பல வழிகளில் பேசலாம். காலையில் வாய்மொழிக் கேள்வியாகக் கேட்கலாம். இன்னொருவருடைய கேள்வியின்மேல் துணைக்கேள்வியாக நுழைக்கலாம். விவாதத்தில் தன் முறை வரும்போது சொல்லலாம். வேறொருவர் பேசிக்கொண்டிருக்கையில் எழுந்து வழி கேட்டு ஒரு வரி சொல்லிவிட்டு உட்காரலாம். எல்லாமே "பேசியது"தான், வீடியோவிலும் வந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற பதிலின் கனம் வேறு. அன்றைய நாளின் பெரும்பகுதி, உறுப்பினர்கள் மண்டபத்துக்குள் நுழைவதற்குச் சில வாரங்கள் முன்னாலேயே தாளில் முடிவாகிவிடுகிறது. ஆகவே உங்கள் ஒய்.பி.யிடம் "பேசுவீங்களா?" என்று கேட்காதீர்கள். "கேள்வி அனுப்பிட்டீங்களா? எத்தனையாவது நம்பர்?" என்று கேளுங்கள்.

பினாங்கு சட்டமன்றம் கூடுவது ஜார்ஜ்டவுன் லெபோ லைட்டில், பாடாங் கோத்தா லாமாவுக்குப் பக்கத்தில் உள்ள பழைய தூண் வைத்த கட்டடத்தில். மாநில அரசு அலுவலகங்கள் கொம்தாரில் இருப்பதால் சட்டமன்றமும் அங்கேதான் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இது பிரிட்டிஷ் காலத்தில் போலீஸ் நீதிமன்றமாக இருந்த கட்டடம். பட்டவொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து இறங்கினால், லிட்டில் இந்தியாவில் ஒரு டீயைக் குடித்துவிட்டு நடந்தே போய்விடலாம்.

இடங்கள் 40. 2004 தேர்தலிலிருந்து இந்த எண்ணிக்கைதான். 2018-இல் நம்பிக்கைக் கூட்டணிக்கு 37, தேசிய முன்னணிக்கு 2, பாஸ் கட்சிக்கு 1 என்று இருந்தது. 2023 ஆகஸ்டு 12-ஆம் தேதி நடந்த தேர்தலில் நம்பிக்கைக் கூட்டணி 27, தேசிய முன்னணி 2, பெரிக்காத்தான் நேஷனல் 11 என்று மாறியது. மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்த சபைக்கும் பதினொரு பேர் உட்கார்ந்திருக்கும் சபைக்கும் வித்தியாசம் கேள்வி நேரத்தில் நன்றாகவே தெரியும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் சேர்ந்தால் அரசுத் தரப்பு 29 பேர். முதலமைச்சரையும், மாநிலத்தின் அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழுவின் உறுப்பினர்கள் பத்துப் பேரையும் கழித்தால் 18. கேள்வி கேட்கிற வேலை இந்தப் பதினெட்டுப் பேருக்கும் எதிர்க்கட்சியின் பதினொரு பேருக்கும்தான். ஆட்சிக்குழுவில் இருப்பவர் பதில் சொல்கிறவர், கேள்வி கேட்கிறவர் அல்லர். உங்கள் உறுப்பினர் ஆட்சிக்குழுவில் இருந்தால் "சட்டமன்றத்தில் பேசுகிறேன்" என்பதற்குப் பெரிதாகப் பொருள் இல்லை. அவர் வேலையை முடிக்க வேண்டிய இடம் ஆட்சிக்குழுக் கூட்டம்.

கூட்டம் அடிக்கடி நடப்பதில்லை. ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் நடுவே ஆறு மாதம் கடக்கக்கூடாது என்பது கூட்டரசு அரசமைப்பின் எட்டாம் அட்டவணை எல்லா மாநிலங்களுக்கும் வைத்திருக்கும் விதி. 2021 ஜனவரியில் அறிவித்த அவசரகாலத்தில் அந்த விதியும் சேர்ந்து படுத்துவிட்டது. மற்றபடி அது மீறப்படுவதில்லை. பினாங்கில் வழக்கமாக ஆண்டின் நடுவாக்கில் ஒரு கூட்டம், ஆண்டுக் கடைசியில் வரவுசெலவுத் திட்டத்துக்காக ஒரு கூட்டம். கேள்வி அனுப்பும் கெடுவைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குக் கிட்டத்தட்ட அரை வருடம் காத்திருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த லிஃப்ட் யாருடையது?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. சபையில் வீணாகப் போகும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை எது கூட்டரசின் அதிகாரம், எது மாநிலத்தின் அதிகாரம் என்று பிரித்து வைத்திருக்கிறது. நிலம், ஊராட்சி மன்றங்கள், இஸ்லாமியச் சட்டம் போன்றவை மாநிலத்தின் கையில். கல்வி, போலீஸ், சுகாதாரம் ஆகியவை புத்ராஜெயாவில், அதாவது கூட்டரசின் கையில். பினாங்கில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில அரசு நிதி ஒதுக்குகிறது. ஆனால் அங்கே ஆசிரியர் பற்றாக்குறை என்றால் சட்டமன்றத்தில் கேட்டுப் பயனில்லை. "இது கூட்டரசு அமைச்சின் பொறுப்பு" என்ற ஒரே வரியோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். குப்பை அப்படியில்லை. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்றுக்கொள்ளாததால் குப்பை அள்ளுவது இன்னமும் மாநகர் மன்றங்களின் வேலை, தாராளமாகக் கேட்கலாம். தண்ணீர் இரண்டுங்கெட்டான்: விநியோகிப்பது மாநிலத்தின் நிறுவனம், கட்டண உயர்வுக்கு அனுமதி தருவது கூட்டரசின் பக்கம்.

லிஃப்டுக்கு வருவோம். உங்கள் அடுக்குமாடி மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். கூட்டரசு கட்டிய பி.பி.ஆர். (மக்கள் வீடமைப்புத் திட்டம்) வீடு என்றால் பெரிய பழுதுக்கான பணம் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சிலிருந்து வர வேண்டும். மாநில அரசு வாடகைக்கு விட்டிருக்கும் வீடு என்றால் நேரடியாக மாநிலமே பொறுப்பு. தனியார் கட்டி விற்ற மலிவுவிலை வீடு என்றால், 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி லிஃப்ட் பொதுச்சொத்து. பராமரிப்பது உங்கள் நிர்வாகக் குழு, அதைக் கண்காணிப்பது மாநகர் மன்றத்தில் உள்ள கட்டட ஆணையர் பிரிவு. இந்த மூன்றாவது வகைக்குத்தான் பினாங்கு அரசின் 80 விழுக்காட்டுப் பராமரிப்பு நிதித் திட்டம் பெரிதும் கைகொடுக்கிறது. லிஃப்ட் மாற்றம், கூரை, தண்ணீர்த் தொட்டி, சாயம் பூசுதல் போன்றவற்றில் 80 விழுக்காடு வரை மாநிலம் ஏற்கும். மிச்சத்தைக் குடியிருப்பாளர் தரப்பு போட வேண்டும். பல இடங்களில் வேலை நின்றுபோவது அந்த மிச்சத்தில்தான். பாதி வீடு பராமரிப்புக் கட்டணமே கட்டாத இடத்தில் நிர்வாகக் குழு 20 விழுக்காட்டுக்கு எங்கே போகும்? லிஃப்டின் தகுதிச் சான்றிதழோ தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் கையில் இருக்கிறது. அது கூட்டரசு இலாகா. ஆக ஒரே லிஃப்டுக்குள் நான்கு அலுவலகம். எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரியாமல் சபையில் எழுந்து "லிஃப்ட் ஓடவில்லை" என்றால், "சம்பந்தப்பட்ட தரப்பு நடவடிக்கை எடுத்து வருகிறது" என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இனி அன்றைய நாள்.

காலை 9.30 மணிவாக்கில் மணி அடிக்கும். உறுப்பினர்கள் தத்தம் இடத்தில் நிற்பார்கள். சபைக் காவலர் செங்கோலைத் தோளில் தாங்கி முன்னால் வர, சபாநாயகர் பின்னால் வருவார். செங்கோல் மேசைமேல் வைக்கப்பட்டதும் சபை முறைப்படி கூடியதாகிறது. சபை பின்னர் குழுவாக மாறும்போது இதே செங்கோலை மேசைக்குக் கீழே இறக்குவார்கள். மேலே இருந்து பார்ப்பவருக்கு இப்போது எந்தக் கட்டம் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அதுவே நல்ல அடையாளம். பிறகு பிரார்த்தனை. 2013 முதல் சபாநாயகராக இருப்பவர் லாவ் சூ கியாங். சபாநாயகர் தொகுதி உறுப்பினராக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, வெளியிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம். வாக்கெடுப்பில் அவர் கலந்துகொள்வதில்லை.

ஆண்டின் முதல் கூட்டத் தொடக்க நாளாக இருந்தால் இவ்வளவும் மாறும். அன்று மாநில ஆளுநர் வந்து தொடக்க உரை வாசிப்பார். 2025 மே மாதத்திலிருந்து ஆளுநராக இருப்பவர் துன் ரம்லி ஙா தாலிப். உரை ஆளுநருடையது, எழுத்து அரசாங்கத்துடையது. அணிவகுப்பு, சீருடை, விருந்தினர் என்று படம் பிடிக்க நல்ல நாள். உங்கள் லிஃப்டுக்கு அன்று வேலை இல்லை. வேறு நாளில் போங்கள்.

சாதாரண நாளில் அறிவிப்புகளும் மேசைமேல் வைக்கப்படும் அறிக்கைகளும் முடிந்ததும் வாய்மொழிக் கேள்வி நேரம். கவனிக்க வேண்டிய முதல் இடம் இது. ஒவ்வோர் உறுப்பினரும் கூட்ட அழைப்பில் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் கேள்விகளை அனுப்பியிருப்பார். செயலகம் அவற்றைச் சரிபார்த்து எண் போட்டு அச்சிடும். சபாநாயகர் எண் வரிசைப்படி அழைக்கிறார். உறுப்பினர் எழுந்து கேள்வி எண்ணைச் சொல்கிறார். பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் முன்பே தயாரித்த பதிலை வாசிக்கிறார். அந்தப் பதில் அவர் எழுதியது அல்ல. மாநகர் மன்ற அதிகாரியோ இலாகா அதிகாரியோ எழுதி, மேலதிகாரி திருத்தி, ஆட்சிக்குழு அலுவலகத்துக்கு வந்தது. அதனால்தான் அதற்கு மதிப்பு. உங்கள் அடுக்குமாடியின் கோப்பை ஓர் அதிகாரி எடுத்துத் திறந்து பார்த்தே ஆகவேண்டிய கட்டாயம் அந்தக் கேள்வியால்தான் வருகிறது. சபையில் கேள்வி வருவதற்கு முந்திய வாரத்தில் திடீரென்று குத்தகையாளர் வந்து லிஃப்டை அளந்துவிட்டுப் போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

கேள்வி எழுதுவதில்தான் பாதி வேலை. "மலிவுவிலை அடுக்குமாடிகளின் லிஃப்ட் பிரச்சினையைத் தீர்க்க மாநில அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?" என்று கேட்டால் மாநிலம் முழுக்க இத்தனை ரிங்கிட் செலவழித்தோம், இத்தனை லிஃப்ட் மாற்றினோம் என்ற பட்டியல் வரும். எல்லாம் உண்மையாகவும் இருக்கும். உங்கள் லிஃப்ட் மட்டும் அதில் இருக்காது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: இந்தத் தொகுதியில் 2023 முதல் இன்றுவரை பராமரிப்பு நிதிக்கு லிஃப்ட் தொடர்பாக எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, குடியிருப்பின் பெயரோடு; எத்தனை ஏற்கப்பட்டன, தள்ளப்பட்டவற்றுக்கு என்ன காரணம்; இன்ன அடுக்குமாடியின் இன்ன புளோக் விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது; வேலை எந்த மாதம் தொடங்கும். மலாயில் இதை "நியாதாக்கான்" என்று தொடங்கி அ, ஆ, இ எனப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தனித்தனியே பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் நழுவ இடம் குறையும். கருத்து, கிண்டல், குற்றச்சாட்டு எதையும் உள்ளே வைக்கக்கூடாது. அப்படிப்பட்ட கேள்வியைச் சபாநாயகர் திருத்தலாம், தள்ளலாம். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொட்டாலும் தள்ளுபடிதான். உங்கள் நிர்வாகக் குழு லிஃப்ட் குத்தகையாளர்மேல் வழக்குப் போட்டிருந்தால் அதை ஒய்.பி.யிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; சபையில் தெரியவந்தால் அவர்தான் அசடு வழிய வேண்டும்.

பதில் வாசித்து முடிந்ததும் துணைக்கேள்வி. எண்ணிக்கையைச் சபாநாயகர் கட்டுப்படுத்துவார். நல்ல உறுப்பினர் தன் துணைக்கேள்வியை முன்கூட்டியே தயாரித்து, வந்த பதிலில் எந்த ஓட்டை இருக்கும் என்று கணித்து வைத்திருப்பார். சுமாரான உறுப்பினர் அதே கேள்வியைச் சற்று உரக்கத் திரும்பக் கேட்பார். துணைக்கேள்விக்கு ஆட்சிக்குழு உறுப்பினரிடம் தாள் இருக்காது. மண்டபத்தில் இருக்கும் அதிகாரிகளிடமிருந்து துண்டுச்சீட்டு போவதைப் பார்க்கலாம். தகவல் கையில் இல்லையென்றால் "எழுத்து மூலம் தருகிறேன்" என்பார். இந்த வாக்குறுதியைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யாரும் அதை நினைவூட்டாவிட்டால் அது அப்படியே காற்றில் போய்விடும்.

கேள்வி நேரத்தில் நடக்கும் விபத்துகள் சில. எண் அழைக்கும்போது உறுப்பினர் இருக்கையில் இல்லை, தேநீருக்கோ நிருபர்களிடமோ போயிருப்பார், கேள்வி கைநழுவிப்போகும். முதல் நான்கைந்து கேள்விகள் காரசாரமாக இழுத்து, கேள்விக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிடும். பின்னாலிருக்கும் எண்களுக்கு எழுத்துப் பதில்தான். முன்னால் இருப்பவர் கேட்ட அதே பொருள் என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே பதில் தருவார்கள். அதில் உங்கள் புளோக் கரைந்துபோகும். எண் பின்னால் விழுந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். எழுத்துப் பதில் பெரும்பாலும் வாய்மொழிப் பதிலைவிட நீளமாகவும் அட்டவணையோடும் வரும். கைதட்டல் கிடைக்காது, காகிதம் கிடைக்கும்.

அடுத்து விவாதம். நாளின் மிக நீண்ட பகுதி இதுதான். ஆண்டின் முதல் கூட்டத்தில் ஆளுநர் உரைக்கு நன்றி கூறும் தீர்மானத்தின் மீதும், ஆண்டுக் கடைசியில் நிதிச் சட்ட மசோதாவின் மீதும் உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேசுவார்கள். தலைப்பு விரிந்தது என்பதால் எதை வேண்டுமானாலும் தொடலாம்: வெள்ளம், நாய்த்தொல்லை, சாலைக்குழி, கோவில் நிலம், எல்.ஆர்.டி., கடல் நிரப்பும் திட்டம், சந்தைக் கடை. நாள் முழுக்கக் கேட்டால் மாநிலத்தின் வரைபடமே காதில் விழும். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தொகுதியின் பெயரைச் சொல்வார்கள். எல்லாப் பேச்சும் சபாநாயகரை நோக்கித்தான். இடையில் எழ விரும்புபவர் "மிந்தா லாலுவான்", அதாவது வழி விடுங்கள் என்று கேட்பார். பேசுபவர் விரும்பினால் உட்கார்ந்து இடம் தருவார், விரும்பாவிட்டால் தொடர்வார். அனுமதிக்காமலே பேசினால் ஒலிவாங்கி அடங்கும், சபாநாயகர் எழுவார். சபாநாயகர் எழுந்தால் மற்ற எல்லாரும் உட்கார வேண்டும். "சொன்னதைத் திரும்பப் பெறுங்கள்" என்பது அடுத்த படி. வெளியேற்றுவது அதற்கும் அடுத்தது. மறுநாள் நாளிதழில் வருவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடம்தான். மற்ற ஆறு மணி நேரம் வேலை நடந்தது யாருக்கும் தெரியாது.

மொழி மலாய். தேசிய மொழிச் சட்டப்படி சபாநாயகர் அனுமதித்தால் ஆங்கிலத்தில் பேசலாம். தமிழில் கேட்க விரும்புபவர்கள் மாநில அரசின் இதழான முத்துச் செய்திகளில் சாரத்தைப் படிக்கலாம்.

விவாதத்தில் சொன்னதற்கு உடனே பதில் வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒய்.பி. செவ்வாய்க்கிழமை உங்கள் லிஃப்டைப் பற்றி உருக்கமாகப் பேசியிருப்பார். வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். மாலைக்குள் பாராட்டு குவியும். பதில் வருவது கூட்டத்தின் கடைசி நாட்களில், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக விவாதத்துக்குத் தொகுப்புரை வழங்கும்போது. அன்று நிருபர்கள் குறைவு, இருக்கைகள் காலி, இரவு வரை இழுப்பதும் உண்டு. அரசாங்கம் எதைச் செய்வதாக ஒப்புக்கொள்கிறது, எதை மெதுவாகக் கைகழுவுகிறது என்பது அந்தத் தொகுப்புரையில்தான் இருக்கிறது. ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால், ஆர்ப்பாட்டமான முதல் நாளை விட்டுவிட்டு வீடமைப்புப் பொறுப்பாளர் தொகுப்புரை வழங்கும் நாளுக்குப் போங்கள். உங்கள் தொகுதியின் பெயரைச் சொல்லாமல் கடந்துபோனால் உங்கள் ஒய்.பி. அங்கேயே எழுந்து வழி கேட்டு ஞாபகப்படுத்தலாம். அதற்கு அவர் இருக்கையில் இருக்க வேண்டும். மேலே நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் பெரும்பாலும் இருப்பார்.

மசோதாக்கள் சுருக்கமாக. மாநிலச் சட்டத்துக்கு எனாக்மன் என்று பெயர். முதல் வாசிப்பில் தலைப்பு மட்டும். இரண்டாம் வாசிப்பில் கொள்கை விவாதம். பிறகு சபை குழுவாகிப் பிரிவு பிரிவாகப் பார்க்கும். மூன்றாம் வாசிப்பில் நிறைவேறும். சிறிய திருத்தம் என்றால் எல்லாக் கட்டமும் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். வரி, செலவு சம்பந்தப்பட்ட மசோதாவை ஆட்சிக்குழு உறுப்பினர் மட்டுமே கொண்டுவர முடியும். ஆகவே "லிஃப்டுக்குப் பணம் ஒதுக்கச் சட்டம் கொண்டுவருகிறேன்" என்று பின்னிருக்கை உறுப்பினர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிதி மசோதாவின் குழுக் கட்டத்தில் தலைப்புவாரியாக எண்கள் வரும். வீடமைப்புத் தலைப்பு வரும்போது பராமரிப்பு நிதிக்கான தொகை போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேட்க அதுவே சரியான நிமிடம். பணம் இல்லாத திட்டத்துக்கு எத்தனை நல்ல பதில் வந்தும் பயன் இல்லை.

வாக்கெடுப்பு பெரும்பாலும் குரல் வாக்குதான்; "செத்துஜு" என்ற சத்தம் எந்தப் பக்கம் பெரிதோ அந்தப் பக்கம். தலை எண்ண வேண்டும் என்று கேட்டால் மணி அடித்து, பெயர் வாரியாக எண்ணுவார்கள். மாநில அரசமைப்பைத் திருத்த மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நாற்பதில் அது 27. நம்பிக்கைக் கூட்டணியிடம் இருப்பதும் சரியாக 27. ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் தேசிய முன்னணியின் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வாக்கெடுப்பு நாளில் வெளிநாட்டுப் பயணம் போனவர்களைக்கூடக் கொறடா திரும்பக் கூப்பிடுவார்.

தீர்மானங்கள் சாதாரணமாகச் சலிப்பூட்டுபவை. ஆனால் எல்லாமே அப்படி இல்லை. கட்சி தாவுபவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று பினாங்கு 2012-இலேயே தன் அரசமைப்பில் 14ஏ பிரிவைச் சேர்த்தது. கூட்டரசு அளவில் அப்படி ஒரு சட்டம் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. 2020 அரசியல் குழப்பத்துக்குப் பிறகு நான்கு உறுப்பினர்களின் இடங்களைக் காலியாக அறிவிக்கும் தீர்மானத்துக்கு அறிவிப்புக் கொடுக்கப்பட, விஷயம் நீதிமன்றம் போனது. 14ஏ செல்லும் என்று 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன பிறகு, 2023 மார்ச்சில்தான் சபை அதை வாக்குக்கு விட்டு நான்கு இடங்களையும் காலி செய்தது. தவணை முடியும் தறுவாய் என்பதால் இடைத்தேர்தல் நடக்கவில்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலில் இதுவும் வெறும் ஒரு தீர்மானம்தான். நாலு வரித் தாள். நிரலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள்.

பிற்பகல் 1 மணிபோல் உணவு இடைவேளை, 2.30 மணிக்குத் திரும்பக் கூடும். நீங்கள் பார்க்கப் போவதென்றால் சட்டமன்றச் செயலகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், கும்பலாகப் போவதென்றால் கடிதமே கொடுத்துவிடுங்கள். பழைய கட்டடம், பார்வையாளர் இடம் சிறியது. அடையாள அட்டை அவசியம். கால்சட்டை, கழுத்து வைத்த சட்டை, மூடிய காலணி, அல்லது புடவை, பஞ்சாபி உடை. அரைக்கால் சட்டையும் ஜப்பான் சிலிப்பரும் வேண்டாம். கைப்பேசியை அமைதியில் வையுங்கள், படம் எடுக்காதீர்கள், கைதட்டாதீர்கள், பதாகை கொண்டு போகாதீர்கள். பேச உங்களுக்கு அங்கே உரிமை இல்லை. ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னாலும் வெளியே அனுப்பச் சபாநாயகருக்கு அதிகாரம் உண்டு. வேலைக்கு விடுப்புப் போட முடியாதவர்கள் நேரலையில் பார்க்கலாம். அதில் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சபைக்குள் உறுப்பினர் சொல்வதற்கு அரசமைப்பின் 72-ஆவது பிரிவு காப்புத் தருகிறது; அவதூறு என்று யாரும் வழக்குப் போட முடியாது. நிந்தனைச் சட்டத்துக்குள் வரும் பேச்சுக்கு மட்டும் அந்தக் காப்பு இல்லை. ஆனால் அந்தப் போர்வை உறுப்பினருக்கு, சபைக்குள் இருக்கும்வரைதான். அவர் ஒரு குத்தகையாளரைப் "பணத்தைச் சுருட்டிவிட்டார்" என்று சொன்னதைக் கேட்டு, நீங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் சொல்லாக முகநூலில் போட்டால் வக்கீல் கடிதம் உங்களுக்குத்தான் வரும். ஒய்.பி.க்குக் கொடுக்கும் தகவலிலும் இதே கவனம் வேண்டும். ரசீது, புகைப்படம், கட்டட ஆணையர் பிரிவுக்கு எழுதிய கடிதத்தின் நகல், லிஃப்ட் நின்ற தேதி, எத்தனை மாடி, நடக்க முடியாத முதியவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்: இவ்வளவையும் ஒரே பக்கத்தில், மலாயில், எழுதிக் கொடுங்கள். இரண்டாவது பக்கம் போனால் யாரும் படிப்பதில்லை.

கூட்டம் முடிந்த பின் எழுத்துப் பதிலின் நகலை ஒய்.பி. அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். நடவடிக்கைக் குறிப்பு வெளிவரச் சில காலம் பிடிக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கேள்வி எண், தேதி, பதிலில் சொன்ன மாதம் மூன்றையும் முதல் வரியில் போட்டு கட்டட ஆணையர் பிரிவுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர் அலுவலகத்துக்கும் நிர்வாகக் குழுவின் முத்திரையோடு கடிதம் அனுப்புங்கள். ஒய்.பி.க்கு ஒரு நகல். பதிலில் சொன்ன மாதம் தாண்டியும் யாரும் வரவில்லையென்றால், அடுத்த கூட்டத்துக்கான கேள்வியை அந்தக் கடிதத்திலிருந்தே எழுதலாம்: இன்ன தேதியில் இந்தச் சபையில் இன்ன பதில் தரப்பட்டது, ஏன் இன்னும் நடக்கவில்லை? இந்த மாதிரி இரண்டாவது கேள்விக்குப் பழைய பதிலையே திரும்ப வாசிக்க எந்த அதிகாரியும் விரும்பமாட்டார். இதற்கிடையில் உங்கள் பங்கான 20 விழுக்காட்டைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள். சபையில் "குடியிருப்பாளர் தொகை இன்னும் செலுத்தப்படவில்லை" என்று பதில் வந்தால் ஒய்.பி.யால் அதற்குமேல் ஒரு துணைக்கேள்விகூடக் கேட்க முடியாது.